பென்குயின் குஞ்சைப் பற்றி எழுதிய சீட்டு

உறைந்துபோன ஓர் ஏரியில் குட்டிகளெல்லாம் வட்டை அடித்து ஐஸ் ஹாக்கி ஆடுமாம். பெரிய அணிக்கு ஆள் பார்க்கும் வேலை நீர்நாய்க்கு. ஒவ்வொரு குட்டியைப் பற்றியும் சீட்டில் ஒரு வரி எழுதும். “முயல்: வேகம் உண்டு, வட்டு எங்கே என்றுதான் தெரியாது.” “கரடி: கோல் வாசலை அடைத்து நிற்பான், தூங்கினாலும் நிற்பான்.” பெரிய அணியில் வாசித்து வாசித்துச் சிரிப்பார்கள்.

ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் பென்குயின் குஞ்சு தன் அம்மாவோடு வந்தது. நெஞ்செல்லாம் சிராய்ப்பு.

“மாமா, என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க? எங்க ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது.”

நீர்நாய் சீட்டைப் பார்த்தது. “இவன் விழுவதைப் பார்க்கவே டிக்கெட் போடலாம்” என்று இருந்தது.

“எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்துடுவான்னு எழுதியிருக்கேன்” என்றது.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்தச் சீட்டைக் கொடுங்கண்ணே, வீட்டுல மாட்டி வைக்கிறோம். இவன் அக்கா படிச்சவ. தினமும் வாசிச்சுக் காட்டுவா.”

குஞ்சு இரண்டு சிறகையும் நீட்டிக்கொண்டு நின்றது. நீர்நாய் ஈரக் கையால் சீட்டைத் தேய்த்தது, திரும்பவும் தேய்த்தது. எழுத்து அழியவே இல்லை.