உதாரணத்துக்கு ஒரு பேர்

"நீங்க பாடம் நடத்த வந்தீங்களா, சொந்தக்காரங்களுக்கு விளம்பரம் பண்ண வந்தீங்களா?"

பயிற்சி நிலையத்து மேலாளரம்மா கேட்டதும் கம்ப்யூட்டர் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்டர்நெட்டில் ஒரு பேரைத் தட்டினால் அது எப்படிச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் அன்றைய பாடம். படிக்க வந்தவர்கள் சின்னச் சின்னக் கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே துணி தைத்து விற்பவர்கள்.

அவர்களுக்கு உதாரணமாக வாத்தியார் பலகையில் எழுதியது, 'குட்டிம்மா படங்கள்' என்ற வலைத்தளத்தின் பேர். எழுதியதோடு விடாமல், எல்லாரையும் தட்டிப் பார்க்கவும் சொல்லியிருந்தார்.

"ஒரு அம்மா வந்து என்கிட்ட கேக்குறாங்க, 'நானும் அந்தக் குட்டிம்மாகிட்ட போய்த்தான் என் கடைக்கு இன்டர்நெட் பேர் வாங்கணுமா'ன்னு. இதுதான் புரிய வெச்ச லட்சணமா?"

"மன்னிச்சுக்குங்க மேடம்."

"உதாரணம் சொல்றதுக்குன்னே ஒதுக்கி வெச்ச பேர் இருக்கே, யாருக்கும் சொந்தமில்லாத பேர். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா? எல்லா வகுப்புலயும் இதே பேராமே! யாரு அந்தக் குட்டிம்மா?"

"அக்கா பொண்ணு."

"அதானே பார்த்தேன்! தாய்மாமன் பாசத்தையெல்லாம் வீட்டோட வெச்சுக்குங்க. இனிமே அந்தப் பேர் பலகையில வந்துச்சுன்னா, நீங்க வேற வேலை பார்த்துக்கலாம்."

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டில். வாத்தியார் தலையாட்டினார்.

மறுநாள் மேலாளரம்மாவே கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வாத்தியார் அந்த ஒதுக்கி வைத்த பேரையே எழுதினார். "பேர் நம்ம வசதிக்கு, நம்பர் கம்ப்யூட்டருக்கு. நாம பேரைச் சொன்னா, நடுவுல ஒரு கம்ப்யூட்டர் அதுக்குண்டான நம்பரைத் தேடி எடுத்துக் கொடுக்கும்."

யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. சட்டென்று புரிந்துவிட்டது.

வகுப்பு கலைந்ததும் மேலாளரம்மா எழுந்து வந்தார். "பார்த்தீங்களா? இவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய்..."

வாத்தியாரின் போன் அடித்தது. கை நிறைய ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர், அப்படியே ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"தம்பி..."

அவருடைய அக்கா. அழுது ஓய்ந்த தொண்டை.

"தினமும் இந்நேரத்துக்குள்ள பாப்பா வரைஞ்ச படத்தைப் பார்க்க யார் யாரோ வந்திருப்பாங்க. எத்தனை பேர்னு அதுலயே கீழ காட்டுமில்ல? அதைப் பார்த்தப்புறம்தான் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கும். இன்னிக்கு ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலைடா..."

மேலாளரம்மா பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ சாமிகிட்ட போய் இன்னும் வருஷம்கூடத் திரும்பல. அதுக்குள்ள என் புள்ளையை எல்லாரும் மறந்துட்டாங்களாடா?"