குழிக்குள் அய்யாவு

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறைக்குப் பக்கத்தில், வெயிலில், குழியின் குறுக்கே கிடத்திய மெராந்தி மரத்தின் மேல் நின்று, கரிநூலால் அடித்த கோட்டில் கண் வைத்து, ஆளுயர ரம்பத்தைத் தூக்குகிறார் சன்னாசி. குழிக்குள் நின்று அதைக் கீழே இழுக்கிறார் மைத்துனர் அய்யாவு. சிவந்த மரத்தூள் முகத்தில் கொட்டுவதால் கண்களைத் துண்டால் இறுகக் கட்டியிருக்கிறார். ரயில் பெட்டிக்கான பலகை இது. கோணினால் பட்டறையில் எடுக்கமாட்டார்கள். சர்ரென்று ஏறி இறங்கும் ரம்பம் திடீரென நிற்கிறது. "மச்சான், கோடு தப்புது. இழுப்பு ஒரு பக்கமா போகுது," என்கிறது குழிக்குள்ளிருந்து குரல். "கண்ணைக் கட்டிக்கிட்டு எனக்குச் சொல்றியா? நான் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்!" என்று எரிந்து விழும் சன்னாசி, குனிந்து தூளை ஊதுகிறார். ரம்பம் கோட்டைவிட்டு ஒரு நூலளவு விலகியிருக்கிறது. கால் மாற்றி நின்று, இரண்டு இழுப்பு இழுத்ததும், இருண்ட குழியைப் பார்த்துக் கேட்கிறார்: "இப்ப சரியா இருக்கா, அய்யாவு?"