நிறைந்த தாங்கிகள்

பக்குரங்காப் புறநகரில் மோகனதாஸின் சமையலறை மேசையில் காலை வெயில் விழுந்து கிடக்கிறது. மடிக்கணினித் திரையில் இரண்டு நாட்டு அதிகாரிகள் காத்திருக்கிறார்கள்; அவர் அவற்றில் ஒரு நாட்டுக்கு ஆலோசகர். எல்லை தாண்டும் எண்ணெய்க்குழாயை மூடி எழுபத்திரண்டு நாளாகிறது. தாங்கிகளில் தேங்கிய கச்சா எண்ணெய் யாருக்கு என்று தீரும்வரை, அங்கே வேலை செய்கிறவர்களையும் அவர் ஆலோசனை சொல்லும் நாட்டின் படை வெளியே விடாது. அவர்களில் ஒருவன் பக்கத்து வீட்டுக் கிருசாந்தியின் கணவன் நிமலன். அவள் கொண்டுவந்த வடையின் சூட்டில் டப்பா மூடி வியர்த்திருக்கிறது. ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அவர் ஒன்றை எடுக்கிறார். “அண்ணை, ஆக்களை மட்டுமாவது விடச் சொல்லுங்கோ. அவருக்கு இன்சுலின் முடிஞ்சுது.” “விட்டுட்டா அந்த நாட்டுக்காரங்க ஏன்மா இறங்கி வரணும்?” என்கிறார், மென்றபடியே. “வடை நல்லா மொறுமொறுன்னு இருக்குலா.” அவள் நீட்டிய கடதாசியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியைத் திறக்கிறார். எங்களுக்கு அவசரமில்லை என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். திரையில் யாரோ தலையாட்டுகிறார். கிருசாந்தி டப்பாவை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்துகிறாள்.