தீவு கேட்ட கைவேலை

சான் மொரேல் தீவில் இறங்கும் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளிடம் வங்கிக் கணக்கோ திரும்பிப் போகும் டிக்கெட்டோ கேட்பதில்லை. தீவுக்காக ஒரு நாள் என்ன கைவேலை செய்வீர்கள் என்பதுதான் விசாவுக்கான ஒரே கேள்வி. இதைவிட நேர்மையான விசா எந்த நாட்டிலும் இல்லை.

சூரிச் வங்கி இயக்குநர் மயூரனுக்குப் பதில் தெரியவில்லை. குடிவரவுக் கூடத்தின் கதவு திறக்கவில்லை.

பின்னால் நின்ற அவனுடைய அப்பா அருளம்பலம், மகன் விருந்தாளிகளிடம் எப்போதும் மறைக்கும் விஷயத்தைச் சொன்னார்.

"முப்பது வருசம் ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினனான்."

மேசையிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவி அதைச் சொன்னதும் குடிவரவு அதிகாரி எழுந்து நின்று அவரை வணங்கினாள். பிறகு மயூரனைப் பார்த்தாள்.

"அப்பா கழுவட்டும். நான் துடைக்கிறன்," என்றான்.

மயூரனின் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது: 'அருளம்பலத்தின் உதவியாள்'.

அந்தப் பக்கத்தைத்தான் இப்போது விருந்தாளிகளுக்குக் காட்டுகிறான்.