வைத்தியநாதன் அண்ணையின் வாய்

"எடி சுவர்ணா, வைத்தியநாதன் அண்ணை உன்னைப் பற்றி ஊரெல்லாம் புலம்பித் திரியிறார். தெரியுமோ?"

தோழி மேரிசாந்தி போனில் இப்படிக் கேட்டதும் சுவர்ணாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் அவருக்கு என்ன செய்தனான்?"

"அவற்ற பிழைப்பில மண்ணள்ளிப் போட்டிட்டியாம். மீன்கடை வரிசையில நிண்டு சத்தம் போட்டவராம்."

மண்ணள்ளிப் போடுவதென்றால் முதலில் வியாபாரம் நடக்க வேண்டாமா? சுவர்ணா இன்ரநெற் ரீவிச் சந்தா விற்கத் தொடங்கி இரண்டு மாதம். பிடித்தது நாலே நாலு வீடு. கோயில் வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தாள். சனம் அதைச் சுருட்டி அதிலே கடலை வாங்கித் தின்றது.

டென்மார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆளறிமுகம் குறைவு. அதற்குள் கணவர் கிருஷ்ணராசாவைப் பாரிசவாதம் படுக்கையில் தள்ளிவிட்டது. அவரைத் தனியே விட்டு ஷிப்ட் வேலைக்குப் போக முடியாது. ரீவியோடு இணைக்கும் பெட்டியைக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு ஒரு மணித்தியாலத்தில் வீடு திரும்பக்கூடிய தொழில் இது ஒன்றுதான் அகப்பட்டது. அதற்கும் கொம்பனிக்காரர் ஒரு தவணை வைத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் முப்பது வீடு பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏஜென்சி இல்லை.

வைத்தியநாதனுக்கு நோர்பரியில் கடை. கூரையில் டிஷ் பூட்டிய காலத்திலிருந்து தமிழ்ச் சனத்துக்கு ரீவி காட்டுகிறவர். தொழில் தொடங்கும்போது சுவர்ணா மரியாதைக்காக அவரிடம் போய் ஒரு சொல் சொன்னாள். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இஞ்ச ஆருக்குப் பிள்ளை புது ஏஜென்ற் தேவை?" என்றுவிட்டு பில் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பெரிய மனுசனுக்கு இந்த நாலு வீட்டுக்காரியைப் பார்த்து வயிற்றெரிச்சல்!

ஆனால் அடுத்த நாளே கிங்ஸ்பரியிலிருந்து ஒரு போன் வந்தது. பெட்டி வேண்டுமாம். அதற்கடுத்த நாள் கிழக்கு லண்டனிலிருந்து இரண்டு. கிழமை முடிவதற்குள் ஒன்பது வீடு.

"ஆர் என்ர நம்பர் தந்தது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

"சனம் கதைச்சுது" என்று மழுப்பினார்கள்.

ஒரு பெண் கேட்டாள், "ஞாயிற்றுக்கிழமையும் வந்து பூட்டித் தருவீங்களாம். உண்மையோ?"

சுவர்ணா அப்படி யாருக்கும் சொன்னதே இல்லை. இருந்தாலும் "ஓம்" என்று சொல்லி வைத்தாள். யார் இப்படிச் சொல்லித் திரிகிறார்கள் என்ற கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

கடைசியில் பக்கத்து தோர்ன்ரன் ஹீத்தில் இருக்கும் தவராசாதான் அதை உடைத்தார். அவள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருக்க, அவர் கதிரையில் இருந்து சிரித்தார்.

"எல்லாம் வைத்தியநாதனாலதான் தங்கச்சி. கலியாண வீட்டில என்னைப் பிடிச்சு வைச்சுப் புலம்பினான். 'அந்தப் பிள்ளை என்னைவிடக் குறைச்சு விக்குது. படம் நிண்டால் இரவு பகல் பாராமல் போன் எடுக்குது. ஞாயிற்றுக்கிழமையும் ஓடிவந்து பூட்டுது. இப்பிடிச் செய்தால் நான் எப்பிடிச் சீவிக்கிறது? அங்க மட்டும் போயிடாதேங்கோ' எண்டான்."

"நம்பர்?"

"அதையும் அவன்தான் காட்டினான். இதில இருந்து கோல் வந்தால் எடுக்கக்கூடாதாம்!"

சுவர்ணாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கொட்டினாள்.

"கெடுவான் கேடு நினைப்பான் எண்டு சும்மாவே சொன்னவை? பொறாமை கண்ணை மறைச்சிட்டுது. தன்ர வாயாலேயே எனக்கு விளம்பரம் செய்யிறார். இருபத்தைஞ்சு வருசம் வியாபாரம் செய்த மனுசனுக்கு இது விளங்கேல்லையே!"

கிருஷ்ணராசா பாதி முகத்தால் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள். அந்தச் சந்தோசத்தில் சுவர்ணா வைத்தியநாதனை இன்னும் நாலு வார்த்தை திட்டினாள்.

தவணை முடியும் நாள். இருபத்தொன்பது வீடு ஆகிவிட்டது. ஒன்று குறைகிறது. காலையிலிருந்து போன் மூச்சுக் காட்டவில்லை.

மூன்று மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டார். பெயர் நகுலேஸ்வரி. இடம் நோர்பரி. இன்றைக்கே பெட்டி வேண்டும் என்றார்.

சுவர்ணா ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தாள்.

"வாரும் பிள்ளை, வாரும்" என்று நகுலேஸ்வரி அவளை உள்ளே கூட்டிப்போனார்.

ரீவிக்குக் கீழே ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது. இது இருக்கும்போது என்னை ஏன் கூப்பிட்டார் என்று யோசித்தபடி சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு கலியாண வெள்ளிவிழாப் படம். அதில் நகுலேஸ்வரிக்குப் பக்கத்தில், மாலையும் கழுத்துமாக வைத்தியநாதன்.

சுவர்ணா கொண்டுவந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா... இது வைத்தியநாதன் அண்ணையின்ர வீடோ?"

"ஓம். இண்டைக்கு உமக்குக் கடைசி நாளெல்லே? இவர் கொம்பனியில விசாரிச்சவர், ஒண்டு குறையுதாம். எங்கட பெட்டியைக் கழட்டிப்போட்டு உம்மட பெட்டியைப் பூட்டச் சொன்னதும் இவர்தான்."

"அவரோ? அவர் என்னை லண்டன் முழுக்கத் திட்டித் திரியிறார் அக்கா!"

நகுலேஸ்வரி பெருமூச்சு விட்டார்.

"முதல் ரெண்டு மாதமும் நல்லாத்தான் சொல்லித் திரிஞ்சவர் பிள்ளை. 'நல்ல பிள்ளை, புருசனுக்குச் சுகமில்லை, அவவிட்ட எடுங்கோ' எண்டு. எங்கட சனம், 'உமக்கு எவ்வளவு கொமிசன்?' எண்டு கேட்டுதுகள். அதுக்குப் பிறகுதான் திட்டத் தொடங்கினவர்."