மூன்று மூலைச் சாக்லேட்

மகன் குமாரவேல் கப்பல் வேலைக்குப் போன பிறகு, ராயபுரத்தில் பவுனம்மாளின் வீட்டுப் படியேறும் ஒரே ஜீவன் அவனுடைய தோஸ்து சௌக்கத் அலிதான். மாதம் தவறாமல், "குமாரு குடுத்தனுப்பினான்" என்று ஒரு சாக்லேட்டோடு வருவான். கூடவே அவன் அளக்கும் அளப்பில் கடலே கரை தாண்டிவிடும்.

1955-ஆம் வருஷத்து ஐப்பசியிலும் வந்தான்.

"இன்னிக்கு இன்னா நைனா?"

"டோப்ளரோன், ஆயா! சுவிட்சர்லாந்து சரக்கு. அங்க மலையே இப்படி மூணு மூலையா கீதாம். பசிச்சா மலைய ஒடைச்சுத் துன்றாங்களாம்!"

"போன மாசம் குடுத்த கேட்பரி?"

"அது லண்டன். அங்க கொழந்த அழுதா தாலாட்டே கெடையாது. ஆறு குதிர வண்டியில கேட்பரிய ஏத்திகினு வந்துடுவாங்க!"

"குமாரு நல்லா கீறானா?"

"துன்னு துன்னு பீப்பாவாட்டம் கீறான். காலைல வந்த கப்பல்லதான் இத்த அனுப்பினான்."

பவுனம்மாள் சாக்லேட்டை உடைத்துப் பாதியை அவனிடம் நீட்டினாள்.

"முந்தாநாள்லேர்ந்து ஆர்பர்ல புயல் கூண்டு ஏத்திகீது. நின்ன கப்பலையே நடுக்கடலுக்குத் தொரத்திட்டாங்க. மீன்காரிகிட்டயா கப்பல் கதை வுடுறே?"

சௌக்கத் அலி தலைகுனிந்தான்.

"யானைக்கவுனி கடைல வாங்கினேன் ஆயா. எல்லாமே அங்கதான். குமாரு எங்க கீறான்னு எனக்கும் தெரியாது."

"அது எப்பவோ தெரியும்."

"அப்புறம் ஏன் கேட்டுகினே இருந்தே?"

"கேக்காம வுட்டா நீயும் வராம பூட்டா?" என்றாள் பவுனம்மாள். "அடுத்த மாசம் வெறுங்கையோட வா, போதும். அந்த மலைய இன்னொரு தபா சொல்லு."