நான்காவது பத்து

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி லூர்துமேரி, மகன் ஆண்டனி, மருமகள் சுமலதா, பக்கத்து வீட்டு கோவிந்தராஜன், எங்கள் தெரு ஜெபக் குழுவிலிருந்து ஒன்பது பேர். பிறகு அந்தப் பெண்.

வேறு யாரும் இல்லை. வக்கீல் வரவில்லை. போலீஸ் வரவில்லை.

ஆண்டனியின் மகன், என் பேரன் சுனில் இறந்து அன்று முப்பதாம் நாள். குஷாய்குடாவில் வேலை முடிந்து பைக்கில் திரும்பியவனை ஹப்சிகுடாவில் ஒரு தண்ணீர் டேங்கர் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவன் இரண்டு நாள் கழித்துக் கைதானான். இரண்டு வாரத்தில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான்.

அன்றிலிருந்து ஆண்டனி தினமும் சாயங்காலம் அவன் வீட்டுத் தெருமுனையில் போய் நின்றான். பைக்கில் ஒரு இரும்புக் கம்பி இருந்தது.

நான் அதைப் பிடுங்கி வைத்தேன். மறுநாள் வேறு கம்பி.

அதனால்தான் எல்லோரையும் ஜெபத்துக்கு அழைத்தேன். சுனிலின் ஆத்துமாவுக்கு மட்டுமல்ல, இந்த வீட்டின் சமாதானத்துக்கும் சேர்த்து. தனியாக முணுமுணுத்து ஒரு மாதம் பார்த்துவிட்டேன். பத்துப் பேர் கூடிக் கேட்டால்தான் கேட்டதாகும் என்பது என் எண்ணம்.

"சமாதானம் வேணும்னா நீங்க கேட்டுக்குங்க. எனக்கு வேணாம்," என்றான் ஆண்டனி. ஆனாலும் சுவரோரமாக வந்து உட்கார்ந்தான்.

ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து பத்துகள். ஒவ்வொரு பத்தையும் ஒருவர் நடத்துவார். மணிக்கு மணி அவர் மன்றாட்டின் முதல் பாதியைச் சொல்வார். மற்றவர்கள் மறுபாதியைப் பதிலாகச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மன்றாட்டு பாதியிலேயே நிற்கும்.

எங்கள் வீட்டில் நான்காவது பத்தை, முதல் முறையாக வீட்டுக்கு வந்தவரிடம் கொடுப்போம். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில், மாற்றலாகி வந்தவர்களுக்காக என் அப்பா வைத்த வழக்கம். ஐந்தாவது, வீட்டு மகனுடையது. அறுபது வருடமாக இது மாறவில்லை.

மூன்றாவது பத்து முடிகிற நேரத்தில் அவள் வாசலில் வந்து நின்றாள். ஜாமீன் அன்று கோர்ட் வராந்தாவில் பார்த்த முகம். டேங்கர் ஓட்டியவனின் தாய் புஷ்பா.

"பிரார்த்தனக்கு ஒச்சானண்டி," என்றாள். ஜெபத்துக்கு வந்திருக்கிறேன் என்று, தெலுங்கில்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவித்த ஜெபம் அது. யாரும் வரலாம் என்று அறிவிக்கச் சொன்னதும் நான்தான்.

ஆண்டனி எழுந்துவிட்டான். கையில் வண்டிச் சாவி.

"நக்கோப்பா, வேணாம். அந்தம்மா கையில ஜெபமாலையக் குடுத்தீங்கன்னா நான் கிளம்பிடுவேன். எங்க போவேன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"இது என்ன ரயில்வே ஒர்க்‌ஷாப் கேன்டீனாடா, நம்ம ஆளா வேத்தாளான்னு பாத்துப் பரிமாற?" என்றேன். "புதுசா வந்தவங்க அவங்க ஒருத்தர்தான்."

ஜெபமாலையை அவளிடம் கொடுத்தேன்.

அவள் மண்டியிட்டுத் தெலுங்கில் முதல் பாதியைச் சொன்னாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன். தமிழில், கோயிலில் சொல்வதைவிடச் சத்தமாக. பாவிகளாயிருக்கிற எங்களுக்காக.

இரண்டாவது மணிக்கும் நான் மட்டும்தான்.

மூன்றாவது மணியில் இன்னொரு குரல் சேர்ந்தது. கோவிந்தராஜன். அவர் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டு ஜெபங்களை முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதில் அவருக்கு மனப்பாடம். அதற்குப் பிறகுதான் ஜெபக் குழுவுக்கு வெட்கம் வந்தது.

ஐந்தாவது மணியில் லூர்துமேரி.

ஏழாவதில் சுமலதா. அவள் கம்மத்துப் பெண், தாய்மொழி தெலுங்கு. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தமிழில்தான் ஜெபம் சொல்வாள். அன்று தெலுங்கில் சொன்னாள். புஷ்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

பத்தாவது மணி வரை ஆண்டனி வாய் திறக்கவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். கிளம்பவும் இல்லை.

அடுத்தது அவனுடைய பத்து. நான் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வர வைப்பதில் மரியாதை இல்லை.

புஷ்பாதான் ஜெபமாலையோடு எழுந்து அவன் பக்கம் போனாள். கையை நீட்டியபடி நின்றாள்.

அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜெபமாலையை வாங்கினான். முதல் பாதியைச் சொன்னான். அவள் பதில் சொன்னாள். கூடமே சொன்னது.

அன்று சாயங்காலம் பைக் கிளம்பவில்லை. மறுநாளும் இல்லை.

இதைத் தெருவில் பலவிதமாகப் பேசுகிறார்கள். நான் மன்னித்துவிட்டேன் என்கிறார்கள். நான் செய்தது ஜெபத்துக்குப் பதில் சொன்னது. வழக்கு நடக்கும். வாய்தா தவறாமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவேன்.

வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சத்தான் அவள் வந்தாள் என்று ஒரு பேச்சும் இருக்கிறது.

தவறு. போன வாரம் குற்றப்பத்திரிகையின் நகல் எங்களுக்குக் கிடைத்தது. அந்த டேங்கரின் எண்ணை யாரும் பார்த்திருக்கவில்லை. மகனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒப்படைத்தவள் புஷ்பா. அரசுத் தரப்பின் முதல் சாட்சி அவள்.